மியூனிக்கிலிருந்து ஆகஸ்டில் கடற்கரை விடுமுறை: பிள்ளைகள், பெற்றோர், சைவச் சமையலோடு ஒரு வாரம்

கேள்வி

மியூனிக்குக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மகளுடைய கிட்டாவை (மழலையர் பராமரிப்பு மையத்தை) ஆகஸ்டில் மூன்று வாரம் மூடிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு 4, 8 வயது. ஊரிலிருந்து அம்மா அப்பாவும் அப்போது இங்கே இருப்பார்கள். எல்லோரும் ஒரு வாரம் கடல் பக்கம் போகலாம் என்று எண்ணம். ஆறு பேரில் நால்வர் சைவம். இத்தாலியா குரோஷியாவா, காரா ரயிலா, எதை முதலில் புக் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்

முதலில் தேதி, அடுத்து வீடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பவேரியாவில் பள்ளி விடுமுறை ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை போகும். இத்தாலிக்காரர்கள் ஊரோடு கிளம்புவது ஆகஸ்ட் 15, ஃபெர்ரகோஸ்தோ பண்டிகையை ஒட்டிய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில்தான் வாடகையும் உச்சம், நெரிசலும் உச்சம். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ள முடிந்தால் அதே வீட்டு வாடகை இறங்கியிருக்கும், கடல் நீரோ வெதுவெதுப்பாகவே இருக்கும். செப்டம்பர் முதல் வாரம் இன்னும் நல்லது. கிட்டா மூடும் தேதிகளைப் பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசில் உடனே விடுப்புக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் சக ஊழியர்கள் எல்லோருக்கும் அதே வாரங்கள்தான் வேண்டும்.

இடம்: நான்கு வயதுக் குழந்தையும் வயதானவர்களும் சேர்ந்து வருவதால் வட ஏட்ரியாடிக் கடலின் இத்தாலிக் கரைதான் என் பரிந்துரை. பிபியோனே, லிக்னானோ, கவோர்லே, யெசோலோ இந்த வரிசையில் எங்கும் மணல்தான். கடலுக்குள் வெகுதூரம் நடந்தும் முழங்கால் அளவுதான் தண்ணீர். எதிர்க்கரையில் குரோஷியாவின் இஸ்ட்ரியா, ரோவின், போரெச் பக்கம் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. ஆனால் கரை பாறையும் கூழாங்கல்லும் சிமென்ட் தளமுமாக இருக்கும், ஏணியில் இறங்கினால் உடனே ஆழம். நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அங்கே போகலாம். இந்த வருடம் உங்களுக்கு மணல்தான் சரி.

வீடு: ஓட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். ஆகஸ்டில் சனி முதல் சனி வரை ஏழு இரவு எடுத்தால்தான் பல இடங்களில் தருவார்கள். ஆறு பேருக்கான வீடுகள் குறைவு, முதலில் தீர்வதும் அவைதான். ஜனவரி, பிப்ரவரியிலேயே பிடித்துவிடுங்கள். விளம்பரத்தில் “6 பேர்” என்று இருந்தால் கட்டில்களை எண்ணிப் பாருங்கள். ஹாலில் சோஃபா படுக்கையும் ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டிலும் சேர்த்துத்தான் பெரும்பாலும் ஆறு வரும். அப்பா அம்மாவுக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, லிஃப்ட் அல்லது தரைத்தளம், இரண்டையும் பணம் கட்டும் முன் உறுதி செய்யுங்கள்.

வாடகைக்கு மேல் வருபவை: கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், விரிப்பு துண்டு, சில இடங்களில் ஏசிக்குத் தனிக் காசு, நகராட்சியின் தங்கல் வரி. இந்த வரி ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வரும், பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். பிபியோனே, லிக்னானோ பக்கம் ஏஜென்சி வழியாக எடுத்தால் கடற்கரையில் ஒரு குடையும் சாய்வு நாற்காலிகளும் வாடகையிலேயே சேர்ந்திருப்பது உண்டு. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு அதுவே பெரிய தொகை. முன்வரிசை வேண்டும் என்று அலைய வேண்டாம். பின்வரிசை விலை குறைவு, கழிவறைக்கும் பக்கம்.

ஏமாற்று விளம்பரங்கள் இந்த சீசனில்தான் அதிகம். இத்தாலியில் 2025 ஜனவரி முதல் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றின் விளம்பரத்திலும் சின் (CIN) எனப்படும் தேசிய அடையாள எண் இருக்க வேண்டும். அது இல்லாமல், தளத்துக்கு வெளியே தனியார் கணக்குக்கு முழுப்பணம் அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பையும் வாட்டர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் வீடே இருண்டுவிடும். மீட்டர் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், போய் சுவிட்சை மேலே தள்ளினால் வரும். சாவி வாங்கும்போதே மீட்டர் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். சமைக்கும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்திவிடுங்கள்.

பதில்

மேலே சொன்னதோடு காகிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் வதிவிட அட்டை செல்லுபடியாக இருந்தால் இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா எல்லாவற்றுக்கும் தனி விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை போகலாம். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்குள்) வந்துவிட்டது. அட்டை இன்னும் வராமல் பாஸ்போர்ட்டில் டி விசா (நீண்டகாலத் தங்கலுக்கான ஜெர்மன் விசா) மட்டும் இருந்தாலும் அது செல்லுபடியாகும் காலத்துக்குள் இதே உரிமை உண்டு. பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகக் கையில் வேண்டும், பிள்ளைகளுடையதும் சேர்த்து. திரும்பும்போது ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனை நடக்கிறது. வீட்டுக்காரரும் தங்குபவர் அனைவரின் விவரத்தையும் இத்தாலியப் போலீசுக்கு அனுப்ப வேண்டும்.

அட்டை காலாவதியாகி ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் (விண்ணப்பம் முடிவாகும் வரை தரும் தற்காலிகச் சான்று) மட்டும் இருந்தால் கவனம். அதில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பழைய அட்டையின் உரிமை தொடர்வதாகச் சொல்லும் மூன்றாவது கட்டம் (ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு) இருந்தால்தான், காலாவதியான அட்டையோடு சேர்த்துப் பயணத்துக்கு உதவும். மற்ற இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு ஜெர்மனியை விட்டு வெளியே போகாதீர்கள்.

அம்மா அப்பாவின் சி விசாவில் (குறுகிய கால விசாவில்) “ஷெங்கன் நாடுகள்” என்று இருக்கிறதா, அனுமதித்த நாட்கள் பயணம் முழுவதையும் மூடுகிறதா என்று பாருங்கள். ஒற்றை நுழைவு விசா என்றால் ஷெங்கன் எல்லையைத் தாண்டவே கூடாது. துப்ரோவ்னிக் பக்கம் போகிறவர்கள் மொண்டெனேக்ரோவை ஒரு நாள் எட்டிப் பார்த்தாலும் அந்த நுழைவு முடிந்துவிடும், திரும்பி வர வழியில்லை. துப்ரோவ்னிக்குக்கே போக முன்பு போஸ்னியாவின் நேயும் ஊரைக் கடக்க வேண்டியிருந்தது. 2022இல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் வழியாக இப்போது குரோஷியாவுக்குள்ளேயே போகலாம்.

மருத்துவம்: உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. பிள்ளைகளுக்குத் தனித்தனி அட்டை உண்டு, மறக்காமல் எடுங்கள். பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீடு ஷெங்கன் முழுதும் செல்லுபடியாக வேண்டும். விசா கையில் வரும் வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய வீட்டையே எடுங்கள்.

பதில்

வண்டி விஷயம். இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், விபத்தானால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஆறு மாதத்துக்குள் என்றாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கூடவே இருக்கட்டும். அதை லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும்.

வாடகை கார் எடுப்பவர்கள் சறுக்கும் இடம் கார்டு. முன்பணத்தைப் பிடித்து வைக்க, ஓட்டுநர் பெயரிலேயே உண்மையான கிரெடிட் கார்டு கேட்கும் கம்பெனிகள் பல. ஜீரோகார்டும் (ஜெர்மன் வங்கிகளின் சாதாரண டெபிட் அட்டை), “டெபிட்” என்று அச்சிட்ட விசா, மாஸ்டர்கார்டும் கவுண்டரில் மறுக்கப்படலாம். புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட் கார்டு கிடைக்க நாளாகும், இப்போதே விண்ணப்பியுங்கள். இத்தாலிக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஆறு பேருக்கு ஏழு இருக்கை வண்டி எடுத்தால் மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பின் டிக்கியில் இரண்டு சின்னப் பெட்டிக்கு மேல் வைக்க முடியாது. ஒன்பது இருக்கை வேன், அல்லது கூரைப் பெட்டி. இத்தாலியில் 150 செ.மீ. உயரத்துக்குக் கீழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீட் கட்டாயம், எட்டு வயதுக்கும் பூஸ்டர் வேண்டும்.

வழி சால்ஸ்பர்க், ஃபில்லாக், ஊடினே. சாலை காலியாக இருந்தால் பிபியோனேவுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம். ஆகஸ்ட் சனிக்கிழமையில் அப்படி இருக்காது. ஆஸ்திரிய வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) வேண்டும், டவர்ன் சுரங்கத்துக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம். நெரிசலில் வழிகாட்டி ஆப் ஊர்ச்சாலைக்குத் திருப்பிவிடும், கேட்காதீர்கள். சால்ஸ்பர்க், டிரோல் மாநிலங்களில் கோடை வார இறுதிகளில் நெடுஞ்சாலையை விட்டுக் குறுக்கே இறங்குவதற்குத் தடை உண்டு, போலீஸ் திருப்பி அனுப்பும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். இல்லையென்றால் ஓர் இரவு வாடகை போனாலும் பரவாயில்லை என்று ஞாயிறு போய்ச் சேருங்கள். தாமதமாக வருவதை வீட்டுக்காரருக்கு முன்பே எழுதிச் சாவி எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தாலியச் சுங்கச்சாவடியில் சீட்டு எடுத்து, வெளியேறும் இடத்தில் கட்ட வேண்டும். டெலிபாஸ் (தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி) மட்டும் என்று போட்ட மஞ்சள் வரிசையில் நுழையாதீர்கள். பழைய நகர மையங்களில் “ஸோனா ட்ராஃபிகோ லிமிட்டாட்டோ” என்று பலகை இருந்தால் உள்ளே போகக் கூடாது. கேமரா படம் பிடிக்கும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எங்கள் லைசென்ஸ் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ரயில்தானா? சமையல் சாமான் எவ்வளவு கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள்.

பதில்

ரயில்தான். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெனிஸுக்கு நேரடி ரயில் உண்டு. வெனிஸுக்கு முந்தைய மெஸ்த்ரேயில் இறங்கி யெசோலோவுக்குப் பஸ். டிக்கெட்டோடு இருக்கை முன்பதிவையும் சேர்த்து வாங்குங்கள், ஆகஸ்டில் அது இல்லாமல் ஏறினால் பெரியவர்கள் நின்றுகொண்டே வர நேரிடும். அப்படி வந்தால் பிபியோனேவைவிட யெசோலோவே உங்களுக்கு வசதி. அங்கிருந்து புந்தா சபியோனிக்குப் பஸ், அதன் பிறகு படகில் வெனிஸ் போய் வரலாம். வெனிஸ் முழுக்கப் படி வைத்த பாலங்கள், தள்ளுவண்டியும் முழங்கால் வலியும் சேர்ந்தால் கஷ்டம். பார்க்க வேண்டியதைப் படகிலிருந்தே பாருங்கள்.

சாமான்: ஒரு நாளைக்கு ஒரு வேளை சோறு என்றால் ஆறு பேருக்கு வாரத்துக்கு மூன்றரை கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு. புளி, சாம்பார் பொடி, கடுகு, கறிவேப்பிலை இங்கிருந்தே. துவரம் பருப்பை அங்கே சூப்பர் மார்க்கெட்டில் எதிர்பார்க்க வேண்டாம், தக்காளி கத்தரிக்காய்க்குப் பஞ்சமில்லை. தயிருக்குச் சர்க்கரை சேர்க்காத வெள்ளை யோகர்ட் வாங்கினால் தயிர்சாதம் நன்றாக வரும். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. அடிப்பக்கம் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து ஸ்டீல் குக்கரை எடுங்கள்.

வெளியே சாப்பிட்டால் ரிசோட்டோவில் இறைச்சிச் சாறும், மினெஸ்த்ரோனேயில் பன்றிக்கொழுப்புத் துண்டும் சேர்வது வழக்கம். பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸே இல்லை. மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடி ஏழு மணிக்குத்தான் திறக்கும். பிள்ளைகளுக்கு இடையில் ஏதாவது கையில் இருக்கட்டும்.

கடலில் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் பலத்த காற்று, மிதவை பொம்மைகளை வெளியே எடுக்காதீர்கள், குழந்தையோடு உள்ளே இழுத்துப் போய்விடும். ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும் த்ராச்சினா மீன் மிதிபட்டால் முள் குத்தும், வலி கடுமையாக இருக்கும். முள்ளை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது காலை வையுங்கள், சூட்டில் அந்த விஷம் சிதைந்துவிடும். பெரியவர் ஒருவர் முதலில் தன் கையை விட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1530. எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

கரைக்குப் பின்னால் காயல்கள் என்பதால் கொசு அதிகம், பகலிலும் கடிக்கும். விரட்டி மருந்தை இங்கேயே வாங்கிச் செல்லுங்கள். காலை பதினொன்று வரை, மாலை ஐந்துக்கு மேல் என்று கடலுக்குப் போங்கள். நடுப்பகலில் அப்பா அம்மாவை மணலில் உட்கார வைக்காதீர்கள், அவர்களுடைய பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.