மாராவில் வேட்டையைப் பார்க்க எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது?

வெள்ளவத்தைவாசி:
ஓகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு கென்யா, மசாய் மாரா போகிறோம். இலங்கையில் யால, வில்பத்து தேசியப் பூங்காக்கள் பழக்கம் உண்டு, ஆபிரிக்கா முதல் தடவை. படுத்துக்கிடக்கும் சிங்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விருப்பமில்லை. துரத்தலைப் பார்க்கவேண்டுமென்றால் ட்ரைவரிடம் என்ன சொல்லிவைக்க வேண்டும்?

புல்வெளி:
யால பழக்கத்தை முதலில் விடுங்கள். ஃபோன் வந்ததும் ஒரே சிறுத்தையை நோக்கி எல்லா ஜீப்பும் பறக்கிறதே, அந்த ஓட்டம் அங்கே உதவாது. சிங்கம் பெரும்பாலும் இரவில்தான் வேட்டையாடும். பகலில் பார்க்க சீட்டாதான் (சிவிங்கிப்புலி) சரி. காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டித்தரச் சொல்லுங்கள். சாப்பிடவென்று லொட்ஜுக்குத் திரும்பினால் நல்ல நேரம் அதிலேயே போய்விடும்.

சீட்டாவைக் கண்டால் முதலில் வயிற்றைப் பாருங்கள். பானைபோல உப்பி, ஒருக்களித்துப் படுத்திருந்தால் நகருங்கள். விலாவுக்குப் பின்னால் வயிறு ஒட்டி, கறையான் புற்றில் ஏறி நின்று தூரத்தையே பார்க்கிறதென்றால் எஞ்சினை நிறுத்திக் காத்திருங்கள். ஒரு மணி, இரண்டு மணி ஆகலாம். தலையைத் தாழ்த்தி, தோள் எலும்பு மட்டும் மேலே துருத்த நடக்கத் தொடங்கினால் பின்னாலேயே வண்டியை விடாதீர்கள். எந்த மான்கூட்டத்தைப் பார்க்கிறதென்று கண்டுபிடித்து, இரண்டுக்கும் குறுக்கே வராமல் பக்கவாட்டில், பாதையை விட்டு இறங்காமல் நிற்கவேண்டும். துரத்தல் சில நூறு மீற்றரில் முடிந்துவிடும். பிடித்த பிறகும் கிட்டப் போகவேண்டாம். அது மூச்சு வாங்கி முடிக்கவே நேரம் எடுக்கும், அதற்குள் கழுதைப்புலி வந்து பறித்துவிடும். வண்டிகள் சூழ்ந்து நின்றால் சீட்டாவால் சுற்றிப் பார்க்கவும் முடியாது.

ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி. ட்ரைவர் மீறினால் ‘வேண்டாம்’ என்று நீங்களே சொல்லுங்கள். ‘கிட்டப் போ’ என்று நச்சரிக்கிறவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

வெள்ளவத்தைவாசி:
நன்றி அண்ணா. ஒன்றுமே கண்ணில் படாதபோது எதைத் தேடுவது?

தெஹிவளை_பைனாகுலர்:
இரையைத் தேடுங்கள். இம்பாலா மான்கள் மேய்வதை விட்டுவிட்டு, காதை முன்னால் நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. யாலயில் மந்தி கத்துவதைக் கேட்டு சிறுத்தையைப் பிடிப்பதுபோல, அங்கே பபூன் குரங்கின் குரைப்பு, கினிக்கோழியின் கூச்சல். ஆனால் யாலயில் சிறுத்தையை மிஞ்சிய வேட்டை விலங்கு இல்லை, அதனால் பாதையிலேயே படுத்திருக்கும். மாராவில் சிங்கமும் கழுதைப்புலியும் இருப்பதால் மரக்கிளைகளைத்தான் பார்க்கவேண்டும். தொங்கும் வால்தான் முதலில் தெரியும்.

பிணந்தின்னிக் கழுகுகள் வானத்தில் வட்டமிடுவதை மட்டும் நம்பி ஓடாதீர்கள். ஒரே இடத்தில் சரசரவென்று இறங்கினால் போங்கள். இறங்காமல் மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் சிங்கம் இன்னும் இரையின் மேல் இருக்கலாம்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு) போதும். 10 மடங்கு என்றால் வண்டியில் கை ஆடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் புல்வெளியோடு ஒத்துப்போகமாட்டேன்: சீட்டாவுக்காக மட்டும் எல்லா நாளையும் செலவிடவேண்டாம். ஓகஸ்ட் கடைசி என்றால் ஒரு முழு நாளை மாரா ஆற்றுக்கு ஒதுக்குங்கள். வில்டபீஸ்ட் (மாடுபோன்ற பெரிய மான் இனம்) ஆற்றைக் கடக்கக் கரையில் கூடிவிட்டு மணிக்கணக்கில் யோசிக்கும். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை வண்டி கரையை விட்டுத் தள்ளியே நிற்கவேண்டும். முன்னால் போய் அடைத்தால் கூட்டம் அப்படியே திரும்பிவிடும், முதலைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

பொரளை77:
மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிடாதீர்கள். கொழும்பு பொரளையிலுள்ள எம்.ஆர்.ஐ.யில் (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) போடலாம். பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பாவது போடவேண்டும். கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஊசி போட்ட சான்றிதழ் கேட்கலாம். 2017இலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, ஆகவே உடுப்பை சொப்பிங் பேக்கில் சுற்றிக் கட்டவேண்டாம். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் போவதென்றால் பொதுவாக 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில். விடியற்காலை குளிரும், நுவரெலியாவுக்குப் போடும் ஜக்கெட் சரிவரும்.