பிக்கப் டிரைவர் சீட் தானாக முன்னும் பின்னும் ஓடுகிறது. ஸ்லைடரை வெல்டு அடித்துவிடலாமா?

கீழ்மலை ஓட்டுநர்:
எல்லோருக்கும் வணக்கம். பாச்சலூர்ப் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சௌசௌ, அவரை, வாழைத்தார் ஏற்றுகிறேன். வண்டி 2008 மாடல் பிக்கப், நான் மூன்றாவது ஓனர். இன்ஜினிலும் கியர் பாக்ஸிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் டிரைவர் சீட்டில்தான்.

இரண்டு மாதமாக சீட் தானாக நகர்கிறது. முதலில் பிரேக் அடித்தால் ஒரு விரல் அளவு முன்னே வரும், அவ்வளவுதான். போன வாரம் காலி வண்டியோடு மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு மாற்ற கிளட்சை மிதித்தேன். டக்கென்று சீட் நாலு விரல் பின்னே போய்விட்டது. கால் கிளட்சை விட்டு நழுவியது, கை ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது, வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் பிடித்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து பஸ் வேறு வந்தது. அந்த டிரைவர் என்னைத் திட்டிய திட்டு தனிக்கதை.

இப்போதைக்கு ஸ்லைடருக்கு (சீட் முன்னும் பின்னும் ஓடுகிற தண்டவாளம்) பின்னால் ஒரு சில்வர் ஓக் கட்டையைச் செதுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊரில் வெல்டிங் பட்டறைக்காரர், "பத்து நிமிஷ வேலை, ஸ்லைடரைத் தரையோடு பிடித்து விடுகிறேன், சாகும்வரை அசையாது" என்கிறார். செய்யலாமா? ஒரே யோசனை, வாரத்தில் இரண்டு நாள் ஆக்டிங் டிரைவர் ஓட்டுகிறார். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு.

லோடு ராசா:
அண்ணே, யோசிக்காமல் வெல்டு அடியுங்கள். என் வண்டியில் ஆறு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது, இம்மி அசையவில்லை. ஆக்டிங் டிரைவருக்கு முதுகில் ஒரு தலையணை கொடுத்தால் போச்சு.

டிங்கர் பட்டறை:
அவசரப்படாதீர்கள். "சாகும்வரை அசையாது" என்று அவர் சொன்னது எந்த அர்த்தத்தில் என்று தெரியவில்லை.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சீட்டுக்கு இரண்டு ஸ்லைடர், கதவுப் பக்கம் ஒன்று, கியர் பக்கம் ஒன்று. பல வண்டிகளில் இரண்டிலும் பல் வரிசை உண்டு. முன்னால் இருக்கும் லீவரைத் தூக்கினால் கொக்கி பல்லை விட்டு எழும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பல்லில் விழும். கதவுப் பக்கக் கொக்கியையும் கியர் பக்கக் கொக்கியையும் ஒரு கம்பியோ ஒயரோ இணைக்கும். அது தளர்ந்தாலோ நடுவில் அழுக்கு அடைத்தாலோ ஒரு பக்கம் மட்டும் பூட்டும், மறுபக்கம் மிதக்கும். ஒற்றைப் பல்லில் நிற்கிற சீட்தான் இப்படி ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது ஒரு மாதிரி குதிக்கும்.

கட்டையை எடுத்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து, இதைச் செய்து பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து லீவரைத் தூக்கி விடுங்கள். இடுப்பை முன்னும் பின்னும் அசையுங்கள். "டக், டக்" என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அப்புறம் குதிகாலைத் தரையில் ஊன்றி முழு பலத்தோடு பின்னால் தள்ளுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. சீட் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு ஆடினால் சங்கதி ஸ்லைடரில் இல்லை, அதற்கும் கீழே.

இன்னொரு கேள்வி. சீட் பெல்ட் மாட்டுகிற பக்கிள் எங்கே பிடித்திருக்கிறது? தரையிலா, சீட்டிலா?

கீழ்மலை ஓட்டுநர்:
செய்து பார்த்தேன். ஒரு சத்தம்தான் வருகிறது, கதவுப் பக்கத்தில். கியர் பக்கம் ஊமை. பின்னால் தள்ளினால் கியர் பக்கத்துப் பின் மூலை லேசாக மேலே எழும்பி உட்காருகிறது.

பக்கிள் சீட்டில்தான், கியர் பக்க ஸ்லைடரின் உள்பக்கம் ஒரே போல்ட்டில். பெல்ட்டின் மேல் முனை தூணில், கீழ் முனை கதவோரத் தரையில்.

ஒரகடம் 75:
சீட் தயாரிக்கும் ஆலையில் பல வருடம் இருந்தவன். நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன்.

பக்கிள் சீட்டில் இருந்தால், மோதும்போது உங்கள் உடம்பைப் பெல்ட் பிடிக்கும், பெல்ட்டின் ஒரு முனையைப் பக்கிள் பிடிக்கும், பக்கிளைச் சீட் பிடிக்கும், சீட்டை அந்த நாலு போல்ட் பிடிக்கும், போல்ட்டைத் தரைத் தகடு பிடிக்கும். இதில் எது விட்டாலும் பெல்ட் போட்டும் பயனில்லை. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு அமலில் உள்ள 207 ஆம் எண் விதி, சீட் தன் எடையைப் போல 20 மடங்கு இழுவையை முன்னோக்கியும் பின்னோக்கியும் தாங்க வேண்டும் என்கிறது. 15 கிலோ சீட் என்றால் 300 கிலோ. பெல்ட்டைச் சீட்டில் மாட்டியிருந்தால் அதன் இழுவையும் கூடவே சேரும். அந்தக் கணக்கில்தான் பின் போல்ட் இரண்டும் மேல்நோக்கிப் பிடுங்கப்படும். உங்கள் சீட்டில் "லேசாக எழும்புகிற" மூலை அதுதான்.

வெல்டு அடிப்பதில் எனக்கு உள்ள ஆட்சேபம் அசையாமல் நிற்பது பற்றி இல்லை. தரைத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதில் ஆர்க் வெல்டிங் வைத்தால் விளிம்பில் தகடு மெலிந்து, வளைந்து கொடுக்காமல் விறைத்துவிடும். தினசரிக் குலுக்கலை அது தாங்கும், ஒரே ஒரு பெரிய இழுப்பில் வெல்டு ஓரமாகவே கிழியும், தபால்தலையைக் கிழிப்பது போல. லோடு ராசாவின் ஆறு வருடம் அசையாததற்குச் சாட்சி, மோதலைத் தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை.

தலையணை வைப்பதும் சரியில்லை. முதுகில் தலையணை வைத்தால் உடம்பு சாய்மானத்தை விட்டு ஸ்டியரிங் பக்கம் முன்னே தள்ளி நிற்கும். ஆசனத்தில் வைத்தால் இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.

சீட்டைக் கழற்றி, பாயைத் தூக்கி, தரையைப் பாருங்கள். அதுவரை மலையில் ஓட்டாதீர்கள்.

கீழ்மலை ஓட்டுநர்:
ஞாயிறு லோடு இல்லாததால் கழற்றிவிட்டேன். நாலு போல்ட்டில் மூன்று கழன்றது. நாலாவது, கியர் பக்கப் பின் போல்ட், ஸ்பானர் வைத்துத் திருப்பத் திருப்பச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையாலேயே தூக்கினேன், அடியில் இருந்த நட்டோடும் ஐந்து ரூபாய் நாணய அளவுத் தகட்டோடும் சேர்ந்து வந்துவிட்டது.

ரப்பர் பாய்க்குக் கீழே ஒரு சாக்கு மாதிரி கம்பளி இருக்கிறதல்லவா, அதைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. மழை நின்று மூன்று வாரம் ஆகிறது. அந்த மூலையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கிக் கீழே ரோடு தெரிந்தது. ஒரு உள்ளங்கை அளவு ஓட்டை.

ஸ்லைடர் பள்ளத்தில் கிடைத்தவை: இரண்டு ஒற்றை ரூபாய், புளியங்கொட்டை, காய்ந்த எலுமிச்சம்பழம் பாதி, ஒரு பீடிக் கட்டு. நான் பீடி குடிப்பதில்லை. ஆக்டிங் டிரைவரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

இப்போது புரிகிறது, மூலை இறங்கியதால் ஸ்லைடர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துப் பல் விழவில்லை. பூட்டுக் கொக்கியில் பெரிய தேய்மானம் தெரியவில்லை.

டிங்கர் பட்டறை:
அதேதான். நல்லவேளை வெல்டு அடிக்கவில்லை, அந்தத் தரையில் எதைப் பிடித்திருப்பார்?

வேலையை இப்படிச் சொல்லிச் செய்ய வையுங்கள். பற்றவைப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், கம்பளியையும் சீட்டையும் முழுதாக வெளியே எடுக்க வேண்டும், அடியில் போகிற டீசல் பைப், பிரேக் பைப், ஒயரிங் எங்கே என்று படுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். துருவைத் தேய்த்து மேலே தகடு ஒட்டுவது வேலையே இல்லை, ஆறு மாதத்தில் திரும்பி வரும். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் புதுத் தகட்டை வைத்துச் சுற்றிலும் பிடிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வெல்டிங் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள், மெல்லிய தகட்டுக்கு அதுதான் சரி. ஒரே மூச்சில் இழுக்காமல் அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரை நெளியும். அப்புறம் ரெட் ஆக்சைடு, அடியில் அண்டர்கோட்.

போல்ட் போகிற இடத்தில் அடிப்பக்கம் ஒரு தடித்த பட்டைத் தகடு கட்டாயம். சின்ன வாஷர் போதாது.

ஒரகடம் 75:
பட்டைத் தகட்டுக்கு அளவு வேண்டுமானால், ரேஸ் கார் சீட்டுக்கான சர்வதேச விதியில் இரும்பு 3 மி.மீ. தடிமன், ஒவ்வொரு போல்ட்டுக்கும் 40 சதுர செ.மீ. பரப்பு என்று வருகிறது. கிட்டத்தட்ட 6.5 செ.மீ.க்கு 6.5 செ.மீ. மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர் மூலை தகட்டைக் கிழிக்கும்.

போல்ட்: தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், அது பலத்தைக் காட்டுகிற தர எண். ஹார்டுவேர் கடையில் எதுவும் பொறிக்காமல் மினுமினுவென்று கொடுப்பார்கள், அது வாசல் கேட்டுக்குத்தான் ஆகும். பக்கிளைப் பிடித்த போல்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது 7/16 இன்ச், ஃபைன் மரை. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் நாலு சுற்று போய் மரை கெட்டுவிடும்.

குஷன் கடை:
சீட் வெளியே இருக்கும்போதே அடியைத் திருப்பிப் பாருங்கள். வளைந்து வளைந்து போகிற ஸ்பிரிங் கம்பி இருக்கும், டிரைவர் சீட்டில் கதவுப் பக்கம்தான் முதலில் உடையும், ஏறி இறங்குகிற பக்கம் அது. உடைந்திருந்தால் கம்பி மாற்றுங்கள், மேலே ஃபோம் ஏற்றிச் சமாளிக்காதீர்கள். சாய்மானக் குழாய் சேருகிற இடத்தில் விரிசலும் பாருங்கள்.

புது மெம்பர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். சீட் கழன்று வருவது தயாரிப்புக் குறை ஆகாதா? கம்பெனி இலவசமாக மாற்றித் தராதா?

ஒரகடம் 75:
இது துரு. தயாரிப்புக் குறை என்று சொல்வது கடினம். அப்படியே இருந்தாலும் இந்த வண்டிக்குக் காலம் கடந்துவிட்டது. குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்பப் பெற வைக்கிற 110ஏ பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்தது, கட்டாயத் திரும்பப் பெறுதல் விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமல். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது. ஆனால் எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டி வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் அல்லவா, அதற்கு முன்னால் பாயைத் தூக்கிப் பார்க்கிற வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அங்கே பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கம்பளியைப் பிழிந்து பார்க்க மாட்டார்கள்.

லோடு ராசா:
சும்மா இருந்தவனைக் கிளப்பிவிட்டீர்கள். என் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். முன் வெல்டு ஓரமாக ஒரு கோடு போகிறது. பெயிண்ட் கோடாகவும் இருக்கலாம்.

டிங்கர் பட்டறை:
துணியில் டீசல் நனைத்துத் துடையுங்கள். கால் மணி நேரம் கழித்து அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு, சீட்டில் ஏறி நாலு ஆட்டு ஆட்டுங்கள். விரிசல் என்றால் உள்ளே போன டீசல் வெள்ளையில் கோடாகக் கசியும்.

லோடு ராசா:
கசிகிறது. திங்கள் பட்டறைக்கு வருகிறேன்.

கீழ்மலை ஓட்டுநர்:
வேலை முடிந்தது. வத்தலக்குண்டில் செய்தேன், ஒன்றரை நாள் ஆனது. அழுகிய மூலையை வெட்டியபோது ஓட்டை உள்ளங்கையிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போய்விட்டது. புதுத் தகடு, அடியில் நாலு போல்ட்டுக்கும் பட்டை, 8.8 போல்ட். ஸ்லைடரை டீசலில் ஊறவைத்து ஒயர் பிரஷ் போட்டேன், இணைப்புக் கம்பியை இழுத்து மாட்டினோம். இப்போது "டக், டக்" இரண்டும் கேட்கிறது. ஆக்டிங் டிரைவரை உட்கார வைத்து, அவருக்கேற்ப முன்னே தள்ளிப் பூட்டியும் பார்த்தாயிற்று. பீடிக் கட்டு அவருடையது இல்லையாம், இரண்டாவது ஓனருடையதாக இருக்கும் என்கிறார்.

தண்ணீர் வந்த வழி முன் கண்ணாடி ரப்பர். கீழ் மூலையில் வெடித்திருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே ஒழுகிக் கம்பளிக்கு அடியில் போய்த் தேங்கியிருக்கிறது, மேலே பாய் காய்ந்தே இருந்ததால் தெரியவில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வெளியே ஹோஸ் பிடிக்கச் சொன்னதில்தான் கண்டுபிடித்தோம். ரப்பர் மாற்றிவிட்டேன், கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

கிளீனர் சீட்டுக்கு அடியிலும் பார்த்தேன். தரை நன்றாக இருக்கிறது. போன வருடம் தோட்டத்தில் தொலைத்ததாக நினைத்து வீட்டில் சண்டை போட்ட அரிவாள் அங்கே கிடந்தது.