திரையைத் திருப்பினால் டேப்லெட்: பேனாக் கணினியோடு பட்டதைச் சொல்லுங்கள்

கட்டடக்காரன்
கீல் விஷயத்தை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஆறும். என்னுடையது நடுவில் ஒற்றைக் கீல் வைத்த பழைய வகை மடிக்கணினி, 12 அங்குலத் திரை. திரையைச் சுழற்றி விசைப்பலகைமேல் மடித்தால் டேப்லெட். தளத்தில் நின்று கம்பி வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற மேஸ்திரிக்குப் படம் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல் திரையின் மூலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். அந்த மாதிரியில் திரை ஒரு பக்கமாக மட்டுமே சுழலும். எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல, கீலின் மேல் கடுகளவில் ஓர் அம்புக்குறி இருக்கும். அவர் திருப்பியது மறுபக்கம். உள்ளே தடுப்பு இருக்கத்தான் செய்தது. சிமெண்டு மூட்டை தூக்கும் கைக்கு அது எம்மாத்திரம்! 'கடக்' என்றது. படம் அப்படியே இருந்தது. "நன்றாகத் தெரிகிறதே சார்" என்றார் அவர். அன்றிலிருந்து, டேப்லெட்டாக மடித்தால் மட்டும் திரை இருண்டுவிடுகிறது.

இலையோரம்
செடிகளை வரைவது என் தொழில். என்னுடையது பேனாவுக்குள் பேட்டரி போடும் வகை. ஓர் இலையின் நடுநரம்பைச் சாய்வாக, மிக மெதுவாக இழுத்தேன். கோடு நெளிந்தது. வேகமாக இழுத்தால் நேராக வருகிறது, மெதுவாக இழுத்தால் அலை. வீட்டில் எல்லோரும் கைநடுக்கம் என்றார்கள், மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் அளவுகோலைத் திரையில் அழுத்தி வைத்து, அதை ஒட்டி இழுத்துக் காட்டினேன். அதே நெளிவு, ஒரே சீரான இடைவெளியில்! எந்தக் கை அவ்வளவு ஒழுங்காக நடுங்கும்? ஆனாலும் அந்த வார்த்தை மனத்தில் தைத்துவிட்டது. இப்போது காகிதத்தில் வரையும்போதும் கையைத்தான் பார்க்கிறேன்.

பழைய இரும்பு
இலையோரம், உங்கள் கையில் குறையில்லை. திரையில் உணர்கம்பிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. பேனா இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும்போது அதன் இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கணக்கு சற்றுப் பிசகினால் சாய்கோட்டில் அலையாகத் தெரியும். வாகோம் நிறுவனத்தின் மின்காந்த முறையில் இந்த நெளிவு குறைவு. அதற்குப் பதிலாகத் திரையோரத்தில் சுட்டி (கர்சர்) பேனா முனையைவிட்டு விலகிப்போகும். அந்தப் பேனாவுக்குப் பேட்டரியே வேண்டாம். திரைக்குப் பின்னால் இருக்கும் பலகை அனுப்பும் அலையைப் பேனாவுக்குள் உள்ள சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய சர்பேஸ் புரோ டேப்லெட் கணினி வாங்கினேன், 2013-இல் வந்த முதல் மாதிரி. பேனா இல்லை. "எந்த ஸ்டைலஸும் போதும்" என்றார் கடைக்காரர். ரப்பர் முனை ஸ்டைலஸை வைத்தால் விரல் என்றே எடுத்துக்கொண்டது. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பையனிடம் ஒரு கேலக்ஸி நோட் போன் இருந்தது. அதோடு வரும் எஸ் பென் பேனாவைக் கேட்டு வாங்கித் திரைக்குச் சற்று மேலே பிடித்தேன். தொடவே இல்லை, சுட்டி ஓடி வந்துவிட்டது! பையன் தேநீரை மறந்தான். போன் சாம்சங், கணினி மைக்ரோசாப்ட், உள்ளே இரண்டுக்கும் வாகோம். 2014-இல் சர்பேஸ் புரோ 3 என்-ட்ரிக் என்ற பேட்டரிப் பேனா முறைக்கு மாறியதும் அந்த உறவு அறுந்தது. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

படிவம்
கடன் படிவங்களோடு ஊர் ஊராக அலைந்த காலம். விரலுக்கு அசையாத, பேனாவுக்கு மட்டுமே பணியும் பழைய இயந்திரம். ஒரு பெரியவரிடம் பேனாவை நீட்டினேன். மை இறங்கட்டும் என்று முதலில் உதறினார். பிறகு தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பேனாவின் வால் அழிப்பான். நான் எழுதியிருந்த அவருடைய பெயரின் மேலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். கோடு கோடாகப் பெயர் மறைந்தது. நிமிர்ந்து பார்த்து, "என் பெயரையே எடுத்துவிட்டீர்களா தம்பி?" என்றார். கடன் கிடைக்காது என்று நினைத்துவிட்டார் போலும். அதன் பிறகு நான் என்ன விளக்கியும் அவர் அந்தப் பேனாவைத் தொடவில்லை.

அனுபவசாலி
என் பேனா ரயிலில் தொலைந்தது, கதை அவ்வளவுதான். ஆனால் பழையது வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை நிறைய. பேனா இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நான்கு மூலைகளிலும் கோடு இழுத்துப் பாருங்கள். முனை தேய்ந்திருந்தால் கண்ணாடியில் கீறல் விழும், மாற்று முனை கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள். திரையோ அடிப்பாகமோ எங்காவது உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அழுத்திப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள். சுழல்கீலே வேண்டாம் என்பது என் கட்சி. 2012-இல் லெனோவோ யோகா வந்தபோது முழுவட்டம் மடியும் கீல் வந்துவிட்டது. கட்டடக்காரன் அதை வைத்திருந்தால் மேஸ்திரிக்குத் திருப்ப ஒன்றும் இருந்திருக்காது. இலையோரம், நீங்கள் எஃகு அளவுகோல் வைத்திருப்பீர்கள். உலோகம் பக்கத்தில் இருந்தால் பேனாவின் மின்புலம் கெடும்.

கட்டடக்காரன்
ஐயா, முழுவட்டம் மடித்தால் விசைப்பலகை அடிப்பக்கம் வந்துவிடும். தளத்தில் மணல்மேட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம். எது வாங்கலாம் என்று நான் கேட்கவில்லை. கீலுக்குள் ஓடும் கேபிளை மட்டும் மாற்றியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இலையோரம்
பிளாஸ்டிக் அளவுகோல் என்று எழுதியிருக்கிறேன், அனுபவசாலி. படித்துவிட்டு எழுதுங்கள். பழைய இரும்புக்கு நன்றி, உங்கள் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்து வரைகிறேன். திரையில் நெளிவு அதே அளவில்தான் வருகிறது. படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினால் நரம்பு ஏறக்குறைய நேராகிவிடுகிறது.