மொய்க் கணக்கும் பதிமூன்றாம் தேதி வெள்ளியும்

குழு: மஞ்சக்குப்பம் வீடு
13 மார்ச் 2026, வெள்ளிக்கிழமை

10:12 கதிர்: பரணில் கிடந்த சித்தப்பாவின் பழைய கணினி ஓடுகிறது. தேதி கேட்கிறது. இன்றைய தேதியைப் போடவா?

10:13 செல்வி அக்கா: மூக்கைக் கட்டிக்கொண்டாயா? தூசி.

10:13 நெல்லிக்குப்பம் அத்தை: நல்ல வெள்ளிக்கிழமையில் தொடங்கியிருக்கிறாய், கண்ணு. 1990 ஆனியில் உன் அப்பா திருமணத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதை இன்றைக்காவது எல்லோரும் பார்க்கட்டும். என் பேரன் திருமணத்துக்கு முன் அது தெரிந்தாக வேண்டும்.

10:14 முத்தியால்பேட்டை சித்தப்பா: தேதி போடாதே. வெறும் என்டர் தட்டு.

10:14 கதிர்: ஏன்?

10:21 முத்தியால்பேட்டை சித்தப்பா: என்டரை மட்டும் தட்டினால் அது 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை என்று எடுத்துக்கொள்ளும், நமக்கு அதுதான் பாதுகாப்பு. அதன் வன்தட்டில் உள்ள நிரல்களில் ஜெருசலேம் என்ற வைரஸ் இருக்கிறது. 1987 அக்டோபரில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. தொற்றிய நிரல் ஒன்றை ஓட்டியதும் அது நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, பிறகு நாம் ஓட்டும் காம், எக்ஸி என்ற இரண்டு வகை நிரல் கோப்புகள் ஒவ்வொன்றிலும் தன்னை ஒட்டிவிடும். காம் கோப்பு ஒரு முறை 1,813 பைட் பெருப்பதோடு சரி. எக்ஸி கோப்பில் ஏற்கெனவே தான் இருப்பது அதற்கே தெரியாது என்பதால், ஓட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 1,808 பைட் கூடிக்கொண்டே போகும். 200 முறை ஓட்டினால் 353 கேபி. அந்தக் கணினியின் மொத்த நினைவகமே 512 கேபிதான்.

10:22 செல்வி அக்கா: பந்தியில் இலை எடுத்ததை மறந்துவிட்டு மறுபடி உட்கார்கிறவர்களைப் போல.

10:22 நெல்லிக்குப்பம் அத்தை: செல்வி, யாரைச் சொல்கிறாய்?

10:23 செல்வி அக்கா: பொதுவாகச் சொன்னேன், அத்தை.

10:24 நெல்லிக்குப்பம் அத்தை: பைட் கணக்கு எனக்கு வேண்டாம். உன் மாமா திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து, உன் பயிற்சி மையத்திலேயே மொய்க் கணக்கைக் காட்டச் சொன்னார். அவர் கண்ணெதிரே நீ ஏதோ தட்டினாய், கணக்கு காணாமல் போயிற்று. அவர் போகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

10:31 முத்தியால்பேட்டை சித்தப்பா: அக்கா, மாமா வந்தது 1990 ஜூலை 13, வெள்ளிக்கிழமை. பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தால், 1987ஆம் ஆண்டைத் தவிர எந்த ஆண்டானாலும், அன்று ஓட்டப்படும் நிரலை அந்த வைரஸ் அழித்துவிடும். நான் மொய் நிரலின் பெயரைத்தான் அடித்தேன். கணினியைப் போட்டதும் தேதியைச் சரியாக அடிக்க வேண்டும் என்று மாணவர்களை அதட்டி வளர்த்தவன் நானே. அந்த ஒழுக்கம்தான் அன்று என் கழுத்தை அறுத்தது. அதற்கு முன்பே அறிகுறி தெரிந்தது. அரை மணி நேரம் ஓடியதும் கணினி மாட்டுவண்டி போல ஊரும், திரையின் இடப்பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் விழும். கடலூர் உப்புக்காற்றின் வேலை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். அழிந்தது நிரல்தான். மொய்ப் பட்டியல் தனி பிளாப்பியில் வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கிறது, அதை வைரஸ் தொடாது.

10:32 கதிர்: வைரஸ் எங்கிருந்து வந்தது?

10:33 முத்தியால்பேட்டை சித்தப்பா: பாண்டிச்சேரியிலிருந்து ஒரு விளையாட்டு பிளாப்பியில் வந்தது.

10:33 செல்வி அக்கா: கொண்டுவந்தது யார்?

10:36 முத்தியால்பேட்டை சித்தப்பா: விடுமுறைக்கு வந்திருந்த நம் குமார்.

10:37 நெல்லிக்குப்பம் அத்தை: என் பிள்ளை அப்போது பத்தாம் வகுப்பு. அவன் மேல் பழி போடவா இவ்வளவு நேரம் எழுதினாய்?

10:38 கதிர்: என்டர் தட்டிவிட்டேன். அடுத்து?

10:40 முத்தியால்பேட்டை சித்தப்பா: நீலச் சீட்டு ஒட்டிய பிளாப்பியைப் போட்டு, டைப் கட்டளையால் பட்டியலைத் திற. டைப் என்பது, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நடத்தும் கமாண்ட் காம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஜெருசலேம் அந்த ஒரு கோப்பை மட்டும் தொடாமல் விட்டுவிடும். வேறு நிரல் எதையும் ஓட்டாதவரை வைரஸ் எழுந்திருக்காது.

10:43 கதிர்: வந்தது. ஆனால் கடகடவென்று ஓடிவிட்டது. கடைசி வரிகள் மட்டும் நிற்கின்றன. பண்ருட்டி பெரியம்மா 51 ரூபாய்.

10:43 செல்வி அக்கா: அவ்வளவுதானா!

10:44 முத்தியால்பேட்டை சித்தப்பா: நிறுத்தி நிறுத்திப் பார்க்க மோர் போடலாம் என்று தோன்றும். மோர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

10:44 நெல்லிக்குப்பம் அத்தை: பங்குனி வெயில் நாளை மறுநாளே பிறக்கப் போகிறது. பரணேறி இறங்கிய பிள்ளைக்கு மோர் கூடவா கூடாது?

10:46 முத்தியால்பேட்டை சித்தப்பா: அக்கா, இது வேறு மோர். அது தனிக் காம் கோப்பு, அதிலும் தொற்றியிருக்கும். கதிர், மறுபடி டைப் கொடு. ஓடும்போது கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

10:51 கதிர்: நின்றது. நான்காவது வரியில் அத்தை பெயர் இருக்கிறது. சங்கிலி 1 என்று போட்டிருக்கிறது.

10:51 நெல்லிக்குப்பம் அத்தை: எத்தனை பவுன் என்று போட்டிருக்கிறது?

10:52 கதிர்: பவுன் எழுதவில்லை.

10:52 நெல்லிக்குப்பம் அத்தை: இரண்டு.

10:53 முத்தியால்பேட்டை சித்தப்பா: ஒன்றரை.