பெங்களூரில் இருந்துகொண்டே ஏசிஎல்எஸ் தேர்வுக்குத் தயாராவது: புதிதாக வந்த நர்ஸ்களுக்கு

பெங்களூருக்கு வந்து ஐசியூ, எமர்ஜென்சி, கேத் லேப் என்று சேர்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, ரெண்டு வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டு துபாய், சவுதி என்று போகலாம் என்றிருக்கிறேன். ஏசிஎல்எஸ் கேட்கிறார்கள். எப்படிப் படிப்பது, பாஸ் ஆவேனா?" ஏசிஎல்எஸ் என்பது, இதயம் நின்றுபோகும் மாதிரியான நேரத்தில் செய்யும் மேல்நிலை உயிர்காப்புச் சிகிச்சைக்கான பயிற்சி. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவதற்குப் பதில் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிப்பில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தருமபுரி, திருவண்ணாமலை, விருதுநகர் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம் மருந்து, டோஸ் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். சிக்கல் மெகாகோட்டில்தான், அதாவது பொம்மையை நோயாளியாக வைத்து ஒரு குழுவை நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வில். டீம் லீடராக நிற்கச் சொன்னதும் வாய் ஒட்டிக்கொள்கிறது. கம்ப்ரஷன் (மார்பு அழுத்தம்) கொடுப்பவர் மலையாளி, மருந்து எடுப்பவர் கன்னடக்காரர், இன்ஸ்ட்ரக்டர் இந்தியில் பேசுகிறார். தெரிந்த பதிலை மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதுதான் உங்களுடைய பாதித் தயாரிப்பு.

அதற்கு முன் காகித வேலை. தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவு மட்டும் இருந்தால், கர்நாடக கவுன்சில் பதிவுக்கான வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) முடிக்காமல் ஏசிஎல்எஸ் பக்கம் போகாதீர்கள். ஏசிஎல்எஸ் வகுப்பில் கம்ப்ரஷனை முதலிலிருந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இடைவெளி 10 விநாடியைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். தலையணையில் அழுத்திப் பார்த்தால் ஆழம் புரியாது. உங்கள் ஆஸ்பத்திரி ஸ்கில் லேபில் பொம்மை இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு டூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எந்தக் கோர்ஸ் என்று கேட்கிறீர்கள். இந்திய ரெசசிடேஷன் கவுன்சில் ஃபெடரேஷன் நடத்தும் சிசிஎல்எஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சியும் நல்ல பயிற்சி, நம் நாட்டு ஆஸ்பத்திரிச் சூழலுக்கு ஏற்றது. ஆனால் வளைகுடா வேலை விளம்பரங்களில் பொதுவாகக் கேட்பது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் (ஏஹெச்ஏ) கார்டு. அங்கே போகும் எண்ணம் இருந்தால் அதையே எடுங்கள். முதல் தடவை எடுப்பவர்களுக்கு வகுப்பு பொதுவாக 2 நாள். வகுப்புக்கு முன் இணையத்தில் ஒரு சுயமதிப்பீடு இருக்கும், அதில் 70 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் வேண்டும். கார்டு 2 வருஷம் செல்லும். ஏஜென்சியிடம் பேச ஆரம்பிப்பதற்கு ரொம்ப முன்பே எடுத்துவிட்டால், விசா வருவதற்குள் காலாவதி ஆகி மறுபடியும் பணம் கட்ட வேண்டி வரும். ஐசியூவில் சில மாதம் நின்று மானிட்டர் பழகிய பிறகு எடுப்பதே என் யோசனை.

சீனியரிடமிருந்து கைமாறி வரும் பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். 2025 அக்டோபரில் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. பழைய புத்தகங்களால் வரும் குழப்பத்துக்கு அட்ரோபின் ஓர் உதாரணம். பிராடிகார்டியாவுக்கு (இதயத் துடிப்பு ரொம்பக் குறைவது) முன்பு 0.5 மி.கி. என்று இருந்தது 2020-லேயே 1 மி.கி. ஆகிவிட்டது, மொத்தம் 3 மி.கி. வரை. இன்னமும் 0.5 என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி கிராஷ் கார்ட், அதாவது அவசர மருந்து வண்டி. நைட் டூட்டியில் வார்டு அமைதியாக இருக்கும்போது செக்லிஸ்டோடு அதைத் திறந்து ஒவ்வொரு ஆம்ப்யூலையும் கையில் எடுத்துப் பாருங்கள். அட்ரினலின் 1 மி.லி. ஆம்ப்யூலில் 1 மி.கி. இருக்கிறது, அப்படியே ஒரு டோஸ். அமியோடரோன் 3 மி.லி. ஆம்ப்யூலில் 150 மி.கி., எனவே முதல் டோஸான 300 மி.கி.க்கு இரண்டு உடைக்க வேண்டும். நம் ஊரில் அட்ரோபின் பெரும்பாலும் 0.6 மி.கி. ஆம்ப்யூலாக வருகிறது. 1 மி.கி. வேண்டுமென்றால் இரண்டு உடைத்து சுமார் 1.7 மி.லி. எடுக்க வேண்டும். புத்தகத்தில் டோஸ் படித்தவருக்கு இந்தக் கணக்கு அந்த நேரத்தில் வராது, ஆம்ப்யூலைத் திருப்பி லேபிள் படித்துப் பழகிய கைக்கு வரும். வெளிநாடு போனால் இதே அட்ரினலின் பல இடங்களில் 10 மி.லி. சிரிஞ்சில் முன்பே நிரப்பி வந்திருக்கும். மருந்தும் மி.கி.யும் அதேதான், கையில் இருக்கும் பொருள் வேறு. எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே அங்குள்ள கார்ட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ரிதம் விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்க வேண்டாம். பல்ஸ் இல்லாத ஆளிடம் கேள்வி ஒன்றே ஒன்று: ஷாக் கொடுக்கலாமா, கூடாதா? விஎஃப் (இதயத்தின் கீழறை ஒழுங்கில்லாமல் நடுங்குவது), பல்ஸ் இல்லாத விடி (கீழறை மிக வேகமாகத் துடிப்பது) என்றால் ஷாக். அசிஸ்டோல் (திரையில் நேர்கோடு), பிஇஏ (மின்துடிப்பு இருந்தும் பல்ஸ் இல்லாதது) என்றால் ஷாக் இல்லை, கம்ப்ரஷனோடு அட்ரினலினைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். பிஇஏ-யில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மானிட்டரில் அழகான ரிதம் ஓடும், கழுத்தில் பல்ஸ் இருக்காது. திரையை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அங்கேயே முடிந்தது. விடி-யிலும் அப்படித்தான், பல்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். பல்ஸ் இருந்து ஆள் தளர்ந்துகொண்டிருந்தால் சிங்க் பட்டனை அழுத்தி கார்டியோவெர்ஷன் (துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுக்கும் ஷாக்). ஒரு ஷாக் போனபின் பல மெஷின்களில் சிங்க் தானாக அணைந்துவிடும். அடுத்ததற்கு மறுபடி அழுத்த வேண்டும்.

சரி, வாய்விட்டுச் சொல்வது எப்படி? பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேருங்கள். ஒருவர் லீடர், ஒருவர் கம்ப்ரஷன், ஒருவர் மருந்து. போனில் 2 நிமிட அலாரம் வையுங்கள். லீடர் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "அட்ரினலின் ஒன் மில்லிகிராம், ஐவி புஷ், ஃபாலோ வித் ட்வென்டி எம்எல் ஃபிளஷ்." மருந்து வைத்திருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கொடுத்ததும் "அட்ரினலின் ஒன் மில்லிகிராம் கிவன்" என்று சொல்ல வேண்டும். மருந்து, அளவு, வழி மூன்றும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். இதற்கு இலக்கணமான இங்கிலீஷ் தேவையே இல்லை. எண்ணி இருபது முப்பது வாக்கியங்கள்தான். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டு குரலைத் தாழ்த்தாதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் பார்ப்பது கட்டளை தெளிவாகப் போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்ததா என்பதைத்தான். வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தாலும் தப்பில்லை.

விஎஃப் கதையை இப்படி ஓட்டிப் பாருங்கள். முதல் ஷாக், உடனே கம்ப்ரஷன், ஐவி. 2 நிமிடம் கழித்து ரிதம் பார்த்து இரண்டாவது ஷாக், அதன் பின் அட்ரினலின், பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு அமியோடரோன் 300. ஷாக் கொடுத்ததும் பல்ஸ் தேடாமல் கை நேரே மார்புக்குப் போக வேண்டும். கம்ப்ரஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரணத்தை உரக்க யோசியுங்கள்: ரத்தம், நீர் இழப்பா, ஆக்ஸிஜன் குறைவா, பொட்டாசியமா, நெஞ்சில் காற்று அடைத்ததா, இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியதா, ரத்தக் குழாயில் கிளாட் அடைத்ததா, விஷமா? டயாலிசிஸ் நோயாளி என்றால் பொட்டாசியத்தை முதலில் நினையுங்கள். வெறும் பட்டியலாகச் சொல்பவரைவிட, நோயாளியின் கதையோடு சேர்த்துச் சொல்பவர்தான் நல்ல லீடர்.

"பிரிட்டன் போகிறேன், இதே கார்டு போதுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கே ரெசசிடேஷன் கவுன்சில் யுகே-க்கு ஐஎல்எஸ், ஏஎல்எஸ் என்று தனிப் பயிற்சிகள் உண்டு. வேலையில் சேர்ந்தபின் பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பும். இங்கே படித்தது வீணாகாது, ஆனால் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன. விஎஃப்-இல் அட்ரினலினை அங்கே மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு வரிசைதான்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் கார்டு" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏஹெச்ஏ கார்டுக்குப் பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம், கைப்பயிற்சியும் செய்முறைத் தேர்வும் நேரில்தான். உண்மையான ஈ-கார்டை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம், வெளிநாட்டு ஆஸ்பத்திரியும் அதைத்தான் செய்யும். மையத்தையும் அந்தத் தளத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். கோர்ஸுக்கு ஆஸ்பத்திரி பணம் கட்டுகிறது என்றால் பாண்ட் (அங்கேயே வேலை பார்க்க வேண்டிய ஒப்பந்தம்) எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்கிறார்கள், அதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

வகுப்பு நாளுக்கு முந்தைய இரவு நைட் டூட்டி வேண்டாம் என்று ரோஸ்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள். பொம்மசந்திரா பக்கம் தங்கியிருந்து வகுப்பு நகரத்துக்குள் என்றால், சில்க் போர்டைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் முதல் நாளே சிவாஜிநகரிலோ அல்சூரிலோ தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். கூட்டாகப் பயிற்சி செய்ய ஆள் இல்லாதவர்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எந்த ஷிப்ட் என்று கீழே எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுகிறேன்.