மழை முடிந்து கிளப்பினால் டேங்கில் தண்ணீர்: படகிலிருந்து பெட்ரோலை எப்படி எடுப்பது?

உப்புக்காத்து (நவி மும்பை), செப்டம்பர் 14, இரவு 9:40

வணக்கம். பேலாப்பூர் பக்கம் ஒரு சேட்டுடைய 21 அடி ஃபைபர் படகைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின், பெட்ரோல். டேங்க் தளத்துக்கு அடியில் பதித்தது, அலுமினியம், 120 லிட்டர். மே கடைசியில் டிரெய்லரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். நேற்று ஸ்டார்ட் செய்தால் நான்கு நிமிடம் ஓடியது, இருமியது, நின்றுவிட்டது. ஃபில்டர் கிண்ணத்தில் இருந்ததைப் பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பத்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே தெளிவு, கீழே கலங்கல். உள்ளே எப்படியும் 80 லிட்டர் இருக்கும்.

இங்கே ஒரு மெக்கானிக் சொல்லும் வழி: பழைய காரில் கழற்றிய 12 வோல்ட் பம்பு, இரண்டு கிளிப், படகின் பேட்டரி. அரை மணியில் காலி என்கிறார். செய்யலாமா?

பழைய என்ஜின், இரவு 10:15

தாராளமாகச் செய் தம்பி. மும்பை பாவுச்சா தக்கா படகுத்துறையில் 22 வருஷம் லாஞ்சுகளுக்கு என்ஜின் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இதே கதைதான். பம்பை இறக்கு, கிளிப்பை மாட்டு, தண்ணீர் வந்தவரை எடு, ஃபில்டரை மாற்று, போய்க்கொண்டே இரு. இதற்கு ஒரு கேள்வியா?

நெத்திலி (செம்பூர்), இரவு 10:52

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 22 வருஷமும் நீங்கள் எடுத்தது டீசல். தம்பி கேட்பது பெட்ரோல்.

நம் ஊர் டீசல் தீப்பொறியைப் பிடிக்க வேண்டுமென்றால் குறைந்தது 35 டிகிரி சூடாவது ஏற வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, பள்ளம் தேடி இறங்கும். படகு என்பதே ஒரு பெரிய கிண்ணம்தானே. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே போதும், அந்தக் கிண்ணத்துக்குள் நீங்கள் கிளிப்பை மாட்டும்போது வரும் சின்னப் பொறி வேலையை முடித்துவிடும்.

பழைய என்ஜின், இரவு 11:05

கார் டேங்குக்குள்ளேயே பம்பு இருக்கிறதே, அது வெடித்தா போகிறது? படித்தவர்கள் பயமுறுத்தினால் நம்பிவிட வேண்டுமா?

நெத்திலி, இரவு 11:20

நல்ல கேள்வி. அந்தப் பம்பு பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. சுற்றிலும் காற்றே இல்லை, இருப்பதும் எரிய முடியாத அளவுக்கு ஆவி நிறைந்தது. அதே பம்பைப் படகின் தளத்தில் வைத்து ஓட்டினால் சுற்றிலும் காற்று. பம்பு அதேதான், இடம் வேறு.

அந்தேரி ஃபாஸ்ட், செப்டம்பர் 15, காலை 7:30

எதற்கு இவ்வளவு பாடு? கடையில் தண்ணீர் நீக்கி என்று ஒரு டப்பா விற்கிறான். அதை ஊற்றி, மேலே 40 லிட்டர் புது பெட்ரோல் ஊற்றினால் எல்லாம் கரைந்துவிடும். என் பைக்கில் செய்திருக்கிறேன்.

நெத்திலி, காலை 8:10

பைக் டேங்கில் நாலு சொட்டு தண்ணீருக்கு அது ஓடும். இங்கே ஏற்கனவே பிரிந்துவிட்டது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஓரளவுதான் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அந்த அளவு தாண்டினால் தண்ணீரோடு சேர்ந்து தானும் பெட்ரோலை விட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் புகுந்திருந்தால் அடியில் கிடப்பது ஒரு லிட்டர் இல்லை, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பல லிட்டர். அலுமினியத்தை அரிக்கிற சரக்கு அதுதான். மேலே நிற்கிற பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. எத்தனால் போனதால் என்ஜினைத் தட்டாமல் ஓட வைக்கும் ஆக்டேனும் கூடவே குறைந்துவிட்டது. புது பெட்ரோல் ஊற்றினால் கெட்டது 120 லிட்டராகும், அவ்வளவுதான்.

கீழே இருப்பது தண்ணீர்தானா என்று சந்தேகமிருந்தால் ஜாம் பாட்டிலில் கேக்குக்குப் போடும் பச்சைக் கலர் இரண்டு சொட்டு விட்டுப் பார். பெட்ரோலில் அது கரையாது. அடிப் படலம் மட்டும் பச்சையாகும்.

உப்புக்காத்து, காலை 9:02

விட்டுப் பார்த்தேன். கீழே நல்ல பச்சை. பாட்டிலில் விரல் அகலத்துக்கு நிற்கிறது. (அந்தக் கலர் பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கியது, வீட்டில் திட்டு.)

சரி, பம்பு வேண்டாம் என்றால் என்ன செய்வது? வாயால் உறிஞ்சிக் குழாய் போடலாமா?

பழைய என்ஜின், காலை 9:30

அது மட்டும் வேண்டாம். இதில் நெத்திலியோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பையன் ஒருவன் டீசலையே அப்படி உறிஞ்சி, புரையேறி நுரையீரலுக்குப் போய், இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதோடு நீ உறிஞ்சினாலும் வராது. டேங்கிலிருந்து ஹோஸ் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு இருக்கும். ஹோஸ் அறுந்தால் டேங்க் தானாகப் படகுக்குள் வழியாமல் இருக்க வைத்தது. சும்மா குழாய் போட்டால் அது விடாது.

நெத்திலி, காலை 10:05

அண்ணன் சொன்னது சரி. அந்த வால்வைத் தாண்டி இழுக்க, வெளி டேங்க் ஹோஸில் வரும் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு போதும். ஃபில்டருக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி அதில் மாட்டு. பல்பின் மேல் அம்புக்குறி இருக்கும், அது கேன் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு அமுக்கலுக்கு ஒரு டம்ளர்கூட வராது, கை வலிக்கும், ஆனால் பொறி வராது.

ஆவி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகும்போது டேங்க் காற்றை உள்ளே இழுக்கிறது, ஆவியை வெளியே தள்ளுவதில்லை. கேன் நிரம்ப நிரம்ப அதற்குள் இருந்த ஆவிதான் வாய் வழியாகப் பொங்கி வரும். அதனால் கேனைப் படகுக்குள் வைக்கவே கூடாது. தரையில், காற்று படகைத் தாண்டிப் போகும் பக்கமாகத் தள்ளி வை. உலோகக் கேன். ஹோஸின் முனை கேனின் அடியைத் தொட வேண்டும், மேலிருந்து சலசலவென்று விழுந்தால் நிலைமின்சாரம் ஏறும். கேனுக்கும் டெக்கில் பெட்ரோல் ஊற்றும் வாயின் உலோக வளையத்துக்கும் ஒரு செப்புக் கம்பி, எதையும் திறப்பதற்கு முன்னாலேயே.

பேட்டரியை முந்தின நாளே கழற்றிவிடு. ஆவி வந்த பிறகு கழற்றுவதும் கிளிப் மாட்டுவது போலத்தான்.

அந்தேரி ஃபாஸ்ட், காலை 10:20

பேட்டரி இல்லாமல், ஆவியை வெளியேற்றக் காற்று எப்படி வரும்? ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் ஆச்சு.

நெத்திலி, காலை 10:24

சுவிட்சும் மோட்டாரும் ஆவிக்கு நடுவில் இருக்கும். வேண்டாம். எல்லா மூடிகளையும் திற, கடல் காற்று போதும்.

பழைய என்ஜின், காலை 11:40

கடல் காற்று மத்தியானத்துக்கு மேல்தான் வரும். செப்டம்பர் மத்தியானத்தில் டெக்கில் தோசை சுடலாம். சூட்டில் ஆவி அதிகமாக வராதா? விடியற்காலை குளிர்ந்த நேரத்தில் எடுப்பதுதான் சரி.

நெத்திலி, மதியம் 12:15

விடியற்காலையில் ஆவி குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று அசையாது. இருக்கிற கொஞ்ச ஆவியும் போகாமல் அடியில் தேங்கும். எனக்கென்னவோ காற்று எழும்பத் தொடங்கும் பதினோரு மணி பிடித்திருக்கிறது.

பழைய என்ஜின், மதியம் 12:31

பதினோரு மணிக்குப் பேலாப்பூர் கிரீக்கில் வேலை செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோர்ட் நாக்கா (தாணே), மாலை 6:50

வேறு பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். 80 லிட்டரை எடுத்து எங்கே வைப்பீர்கள்? பெட்ரோலியம் சட்டம், 1934, விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்திருக்க விடுகிறது. அதுவும் இறுக்கி மூடிய உலோகக் கலத்தில், ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படாமல். டேங்குக்குள் இருக்கும்வரை அது படகின் பெட்ரோல், அதற்கு விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தில் வண்டி என்றால் தண்ணீரில் போவதும் சேர்த்திதான். வெளியே வந்த நிமிடம் கணக்கு மாறுகிறது.

அந்தேரி ஃபாஸ்ட், மாலை 7:05

வண்டி வைத்திருப்பவருக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ள அதே சட்டத்தில் இடம் இருக்கிறதே சார்.

கோர்ட் நாக்கா, மாலை 7:20

இருக்கிறது, அந்த வண்டியை ஓட்டுவதற்கான பெட்ரோலுக்கு. ஓட்டவே முடியாது என்றுதானே எடுக்கிறீர்கள்? கெட்ட பெட்ரோலை அதில் சேர்த்து வாதாட நான் வரமாட்டேன்.

அந்தேரி ஃபாஸ்ட், மாலை 7:31

அப்போ பழைய என்ஜின் சாரின் டீசல் லாஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிடலாம் 😀

பழைய என்ஜின், மாலை 7:40

என் லாஞ்சுக்குள் ஒரு சொட்டு பெட்ரோல் வராது. டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் அது பெட்ரோல் மாதிரிதான் தீப்பிடிக்கும். என்ஜின் ரூமில் ராத்திரி தூங்குகிறவன் இருக்கிறான். விளையாட்டுக்குக்கூட எழுதாதே.

உப்புக்காத்து, இரவு 8:15

சாக்கடையிலோ கிரீக்கிலோ ஊற்ற நானும் விடமாட்டேன், கரையோரம் மாங்குரோவ். ஆனால் 80 லிட்டருக்கு யாரைக் கூப்பிடுவது?

நெத்திலி, இரவு 8:50

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு கழிவு எண்ணெய் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பேலாப்பூரிலிருந்து தளோஜா தொழிற்பேட்டை பக்கம்தானே, அங்கே விசாரி. அழுத்தக் காற்றில் ஓடும் பம்பு வைத்திருக்கிறார்களா என்று கேள், அதில் மோட்டாரே கிடையாது. அடிப் படலத்தை மட்டும் நீ பல்பால் ஒரு கேனில் எடு. மிச்சத்தை டேங்கிலிருந்தே அவர்கள் டிரம்முக்கு ஏற்றட்டும்.

பழைய என்ஜின், இரவு 9:20

அடிப் படலம் ஹோஸுக்கு வர வேண்டுமென்றால் டிரெய்லரின் மூக்கைத் தூக்கி வை. உறிஞ்சுகுழாய் பின்பக்கம்தான் இருக்கும், பார்த்துக்கொள். ஒரு ராத்திரி அசையாமல் நிற்கட்டும். அப்படியும் குழாய் அடிவரை போகாது, கொஞ்சம் தங்கும். அதற்கு டேங்கின் மேல் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை கேஜின் தட்டைத் திறக்க வேண்டும், ஐந்து திருகு. ஒரே ஒரு நிலையில்தான் திரும்ப உட்காரும், கழற்றும் முன் பேனாவால் கோடு போட்டுக்கொள்.

இனிமேல் மழைக்கு முன் டேங்கை ரொப்பி வை. பாதி டேங்க் வைத்ததால்தான் ஈரக் காற்று உள்ளே வேர்த்துத் தண்ணீராகியிருக்கிறது.

நெத்திலி, இரவு 9:45

இதில் மட்டும் விடமாட்டேன் அண்ணே. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீர்தான் வைத்திருக்கும். தம்பியின் டேங்கில் காலி இடம் 40 லிட்டர். அதிலுள்ள காற்றை முழுசாகப் பிழிந்தாலும் ஒன்றேகால் கிராம் தேறாது. பகலில் விரிந்து ராத்திரியில் சுருங்கி டேங்க் உள்ளே இழுப்பதும் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் காற்றுதான். மூன்று மாதம் கூட்டிப் பாருங்கள், ஒரு டீ கிளாஸைத் தாண்டாது. பாட்டிலில் விரல் அகலம் நிற்கிறது என்றால் மழைத் தண்ணீர் வேறு வழியாக வந்திருக்கிறது.

பழைய என்ஜின், இரவு 9:58

கணக்கு எனக்குத் தெரியாது. ரொப்பி வைத்த டேங்கில் நான் தண்ணீர் பார்த்ததில்லை.

உப்புக்காத்து, செப்டம்பர் 21, மாலை 5:10

முடிந்தது. சனிக்கிழமை பேட்டரியைக் கழற்றி, மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆரம்பம், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நேரம். செல்போன் வாட்ச்மேனிடம், பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். முதல் ஐந்து நிமிடம் கலங்கல், பிறகும் கலங்கல், 14 லிட்டர் போன பிறகுதான் ஹோஸில் தெளிவு வந்தது. கேனை மூடினேன். கை இன்னும் வலிக்கிறது. இன்று தளோஜாக்காரர்கள் இரண்டு டிரம்மோடு வந்து மிச்சத்தை ஏற்றி, என் கேனையும் எடுத்து, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். கேஜ் தட்டைத் திறந்தால் அடி மூலையில் வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு, ஓட்டை இல்லை.

டெக்கில் பெட்ரோல் ஊற்றும் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகி, ஓர் இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. தார்ப்பாயில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியது சரியாக அந்த மூடிக்கு மேலேதான்.

பழைய என்ஜின், மாலை 5:45

தார்ப்பாயைக் கட்டியது யார்?

உப்புக்காத்து, மாலை 5:47

நான்தான் அண்ணே.