மறுமொழி: “உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்” – இதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

விஷயம் தெரிந்தவரிடமே போய் வகுப்பெடுப்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் நான் என்பதால், எந்தக் கடுப்பில் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 18 வருடமாகப் பிழைதிருத்தம் பார்த்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. போன ஞாயிறு டீக்கடையில் கல்லூரித் தோழன் ஒருவன் என் மெய்ப்புத் தாளை எட்டிப் பார்த்தான். ‘வாழ்த்துக்கள்’ என்றிருந்ததில் ஒரு ‘க்’கை அடித்திருந்தேன், மைகூடக் காயவில்லை. “இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்” என்று என் சிவப்புப் பேனாவையே வாங்கி, பன் சுற்றிவந்த காகிதத்தில் படம் போட ஆரம்பித்தான். “குற்றியலுகரம்னா அரை மாத்திரை. தலைவலிக்கு ஒரு மாத்திரையை ரெண்டா உடைச்சுப் போடுவோம்ல, அந்த மாதிரி.” என் டீயில் ஆடை படியும்வரை பேசினான். நடுவில் இரண்டு தடவை “புரியுதா?”. கெட்டவன் இல்லை, அவசரத்துக்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுப்பான். ஆனால் இந்த வியாதிக்கு ஒரு பெயர் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘மேன்ஸ்ப்ளெயின்’ (தெரிந்த பெண்ணிடமே ஓர் ஆண் மேதாவியாக விளக்குவது) இருக்கிறதே என்றார் ஒருவர். அதன் பின்கதை நல்ல கதை. அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் 2008இல் எழுதிய கட்டுரையில், ஒரு விருந்தில் ஒரு பெரிய மனிதர் அவரிடமே அவருடைய புத்தகத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார். “அது இவள் எழுதினது” என்று கூட வந்த தோழி மூன்று நான்கு தடவை சொன்ன பிறகுதான் அவர் காதில் ஏறுகிறது. கட்டுரையில் அந்தச் சொல் கிடையாது, பிறகு இணையத்தில்தான் முளைத்தது. 2014இன் சொல்லாக ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதி அதைத் தேர்ந்தெடுத்தது.

அதை அப்படியே உரித்து ‘ஆண்விளக்கம்’ என்றால் ஏதோ உயிரியல் பாடத் தலைப்பு மாதிரி இருக்கிறது. ‘ஆணுரை’ என்று முன்மொழிந்த நண்பர் மன்னிக்கணும். அச்சுக்கோப்பில் ஓர் எழுத்து புரண்டு ரகரம் றகரமானால் மருந்துக்கடைச் சரக்காகிவிடும். நான் பார்க்காத பிழையா!

நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிற சொற்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தேன். அறுவை, பிளேடு, மொக்கை எல்லாம் கேட்பவரின் அலுப்பைச் சொல்கின்றன, அவர் மட்டம் தட்டப்படுவதைச் சொல்லவில்லை. கருத்து கந்தசாமிக்கு எதிரில் ஆளே தேவையில்லை. ‘அதிகப்பிரசங்கி’ கிட்டத்தட்டப் பொருந்தும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது பெரியவர்கள் நடுவில் வாய் நீளும் பொடியனுக்குச் சொல்வது, அதாவது கீழிருந்து மேலே. நம்ம ஆள் பேசுவது மேலிருந்து கீழே. ‘தகப்பன்சாமி’ கேட்க அழகு. ஆனால் சுவாமிமலையில் அப்பாதான் கேட்டார், பிள்ளைக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இங்கே யாரும் கேட்கவுமில்லை, அவனுக்குத் தெரியவுமில்லை.

நன்னூலையும் புரட்டினேன். ஆசிரியர் ஆகாதவருக்கு அதில் நான்கு உவமை உண்டு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்குடம், அதாவது கழற்சிக்காய் போட்ட குடம், போட்ட வரிசை மாற்றிக் கொட்டும். மடற்பனை கிட்டே அண்டவிடாது, பழம் தானாக விழுந்தால் உண்டு. குண்டிகைக்குள் அடைத்த பஞ்சு எளிதில் வராது. முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை, வளர்த்தவனை விட்டு அடுத்த வீட்டில் காய் போடும். நான்குமே சொல்லித்தரத் தெரியாத ரகம். தெரிந்தவளுக்கே சொல்லித்தரும் ஐந்தாம் ரகத்தைப் பவணந்தியார் விட்டுவிட்டார். அவருக்கு டீக்கடை வாய்க்கவில்லை போலும்.

அதைப் பிடித்துவைத்திருப்பது பழமொழிதான்: கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதா? நம்ம ஆளின் முழுக் குணமும் இதில் அடக்கம். அவன் ஊசியில் பழுது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று பார்க்காததுதான் அவன் குற்றம்.

முதலில் ‘ஊசிவிற்பு’ என்று எழுதி, விற்பவருக்கு ‘ஊசிக்காரர்’ என்றும் வைத்தேன். ராத்திரி அதை அடித்துவிட்டேன். ஊசியும் பாசிமணியும் விற்றுப் பிழைக்கிற நரிக்குறவர்களை இந்த ஊர் ஏற்கெனவே போதுமான அளவு கேலி செய்துவிட்டது. நம் பங்குக்கு ஒரு வசைச்சொல் வேண்டாம். தவிர, ‘ஊசி’ என்றாலே இப்போது பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது.

ஊசியை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டால்? ‘கொல்லன்தெரு’. “என்கிட்டேயே கொல்லன்தெரு பண்றியா?” “அவர் விளக்கம் சுத்த கொல்லன்தெரு.” வாயில் உட்காருகிறது. இதில் கொல்லன் விஷயம் தெரிந்தவன், ஆகவே கேலி அவன்மேல் விழாது. வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, “உங்க பெரியப்பாவுக்கு இது அப்போவே தேவைப்பட்டிருக்கு” என்றாள். பஸ்ஸுக்கு வைத்த ‘பேருந்து’ நிலைத்தது, காபிக்கு வைத்த ‘குளம்பி’ நிலைக்கவில்லை. இது எந்தப் பக்கம் விழும் என்பது அம்மா மாதிரி ஆட்கள் இரண்டாம் தடவை சொல்வதைப் பொறுத்தது.

குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘ஆண் பெண்ணிடம்’ என்கிற முள் இதில் மழுங்கிவிடுகிறது. அந்த முள் எனக்கு வேண்டும். டீக்கடையில் எனக்குப் பதில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தால் பேனா கை மாறியிருக்காது. அதற்கு யாராவது ஒரு முன்னொட்டு யோசியுங்கள், நான் தோற்றுவிட்டேன்.

எழுதுவது எப்படி என்று கேட்பீர்கள். ‘கொல்லந்தெரு’ அல்ல, ‘கொல்லன்தெரு’. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய், வல்லினம் வந்தாலும் இயல்பாக நிற்கும். அதாவது உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால்...

சரி, இந்தக் குழுவில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பேனாவை மூடிவிட்டேன்.